சாராயக் கடைக்கு ஓடு மாற்றிய ஜெபசீலி டீச்சர்

ஜெபசீலி டீச்சருக்கு அவருடைய பெரியப்பா ஸ்கூட்டர் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் ஓசூரில் முதலில் பேச்சுக் கிளம்பியது. பத்தொன்பது அறுபத்தெட்டாம் வருஷம். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தால் அது கைக்கு வருவதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று ஜனங்கள் அலுத்துக்கொண்ட காலம். அதனால் பேச்சு வேகமாகப் பரவியது. மார்க்கெட்டில் பார்த்தவர்கள் என்ன கலர் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, பெண்பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்குமா என்று கவலைப்பட்டார். அது ஸ்கூட்டர் இல்லை, எக்ஸிகூட்டர், அதாவது பெரியப்பா உயிலில் எழுதியதை நிறைவேற்றிவைக்க வேண்டிய ஆள், அந்த ஆள் நான்தான் என்று டீச்சர் ஒவ்வொருவருக்காக விளக்கிச் சொன்னார். கேட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். ஸ்கூட்டராக இருந்தால் ஒரு தடவையாவது பின்னால் உட்கார்ந்து போயிருக்கலாம்.

டீச்சருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமான சில வருஷங்களிலேயே கணவர் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. கோயிலில் முன்வரிசையில் முழங்காலிட்டவரின் சட்டையில் நூல் தொங்கினால் ஜெபம் முடியும்வரை காத்திருக்கமாட்டார். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து அங்கேயே நறுக்கிவிடுவார். பிடரிக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டுப் பதறி, நடு ஜெபத்தில் ஆமென் சொல்லிவிட்டவர்கள் எங்கள் சபையில் உண்டு.

பெண்கள் மதுவிலக்கு சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. எங்கள் பக்கத்தில் அரசாங்கமே மதுவிலக்கு வைத்திருந்ததால், ஊரில் சாராயம் இருக்கிறது என்று யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆகவே இல்லாததாகச் சொல்லப்பட்ட ஒன்றை எதிர்த்துச் சங்கத்துப் பெண்கள் வருஷா வருஷம் ஊர்வலம் போனார்கள். முன்னால் கொடி பிடித்துக்கொண்டு டீச்சர் போவார். தெருவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஆண்கள் ஊர்வலத்துக்கு ஒதுங்கி மரியாதையாக வழிவிடுவார்கள்.

செத்துப்போன பெரியப்பா ஜான்பீட்டர், ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையரானவர். ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வீடும் புளியந்தோப்புமாக ஒரு சொத்து வாங்கி அங்கே தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஜெபதுரை கோலார் தங்கவயலில் மெக்கானிக். மகள் ஜெயசெல்வியைக் கிருஷ்ணகிரியில் கொடுத்திருந்தது. மருமகன் அங்கே சபையில் மூப்பர். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஜெபதுரையின் கல்யாணப் பந்தியில் ஜெயசெல்வியின் புருஷனை இரண்டாம் பந்திக்கு உட்காரச் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு ஆரம்பித்தது.

சொத்தை இரண்டு பேருக்கும் சமமாக எழுதிய ஜான்பீட்டர், சாவியை இருவரில் யாரிடம் கொடுத்தாலும் மற்றவர் கோர்ட்டுக்குப் போவார் என்று தெரிந்தவர். தம்பி மகள் ஜெபசீலி இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டுகிறவள் என்பதால் அவளையே எக்ஸிகூட்டராகப் போடும்படி வக்கீலிடம் சொல்லியிருக்கிறார்.

வக்கீல் ஆஞ்சப்பனுக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டீச்சருக்கு அவருடைய கடமைகளை எடுத்துச் சொன்னார். உயில் செல்லும் என்று ஜில்லா கோர்ட் உத்தரவு போட்டு, சொத்தை வாரிசுகள் கையில் ஒப்படைக்கும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. கூரை ஒழுகக் கூடாது. வேலி விழக் கூடாது. வரி நிற்கக் கூடாது. வர வேண்டிய வாடகை வராமல் போகக் கூடாது. இரண்டு வாரிசில் ஒருவருக்குச் சாதகமாக ஒரு துரும்பும் அசையக் கூடாது. அவர் கவனக்குறைவால் சொத்துக்கு நஷ்டம் வந்தால் வாரிசுகள் அவர்மேலேயே கேஸ் போடலாம்.

“உங்க சொந்த வீடுன்னா இடிஞ்சு விழட்டும்னு விட்டுடலாம் டீச்சர். இது உங்களுது இல்ல. அதனால விட முடியாது” என்றார் ஆஞ்சப்பன்.

டீச்சருக்கு இதில் பயமே வரவில்லை. பொறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருகிற சுபாவம் அவருக்கு. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குடையும் கைப்பையுமாக பஸ் ஏறி ஜூஜூவாடியில் இறங்கி, தோப்புக்கு நடந்தார்.

வீடு நல்ல நிலைமையில்தான் இருந்தது. பெரியப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த செல்லி சாவியோடு காத்திருந்தாள். டீச்சர் அறை அறையாகப் பார்த்தார். ஜன்னல்களைத் திறந்து மூடினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் புளியமரங்கள், அவற்றுக்கு அப்புறம் ஓர் எல்லைக்கல், கல்லைத் தாண்டி ஓடு வேய்ந்த நீளமான ஒரு கொட்டாய். அதுவும் பெரியப்பாவின் சொத்துதான். ஆனால் கல்லுக்கு இந்தப் பக்கம் நம் ராஜ்யம், அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். மாட்டுக்கொட்டாயாக இருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போய்ப் பார்க்கலாமென்று டீச்சர் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அப்போது ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் வந்தான். தோளில் துண்டு போட்டிருந்தான். பெயர் ராஜப்பன், மரம் அறுக்கிறவன், அவன் மகள் டீச்சரிடம்தான் தையல் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.

துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். எழுந்து, பெரியப்பாவைப் பார்க்கவா வந்தாய் என்று கேட்டார். ராஜப்பன் வேறு என்ன சொல்வான்? ஆமாங்க என்றான்.

“அவருதான் போயிட்டாரேப்பா” என்றார் டீச்சர்.

ராஜப்பன் தரையில் குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். பெரிய மனுஷனுங்க, அவரு மாதிரி வருமாங்க என்று தேம்பினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்தான். ராஜப்பன் அழுவதையும் டீச்சர் நிற்பதையும் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டு, அவனும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்த ஒரு டிரைவர். பாதையில் வந்தவர்கள் எல்லாம் மரத்தடியில் துக்கத்தோடு உட்கார்ந்தார்கள். பெரியப்பாவுக்கு இத்தனை பேரிடம் பழக்கமா என்று டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. செல்லியிடம் சொல்லி எல்லாருக்கும் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கச் செய்தார். தாகத்தோடு வந்தவர்கள்தான், குடித்தார்கள். பிறகு டீச்சர் எழுந்து ஒரு ஜெபம் சொன்னார். அத்தனை பேரும் தலை குனிந்து நின்றார்கள். பாதியில் ஓடிவிடலாமா என்று யோசித்தவனைப் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டான்.

ஜெபம் முடிகிற நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து, எல்லைக்கல்லைத் தாண்டி, ஒருவன் வந்தான். கொட்டாயிலிருந்து வந்தவன். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போக, தெலுங்கில் ஏதோ பாடிக்கொண்டே வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் இங்கேயும் கடை திறந்துவிட்டார்களா என்று சந்தோஷமாகக் கேட்டான்.

டீச்சர் செல்லியைப் பார்த்தார். செல்லி தரையைப் பார்த்தாள்.

“அது மாட்டுக்கொட்டா இல்லீங்கம்மா” என்றாள் செல்லி. “சாராயக் கடெ. அங்க நம்ம கவர்மெண்டு கெடையாதுங்களாம். ஐயாதான் வாடகைக்கு உட்டுக்கீறாரு. ஊருக்கெல்லாம் தெரியும். உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் யாருக்கும் தைரியம் இல்ல.”

முந்தின வருஷம்தான் மைசூர்க்காரர்கள் மதுவிலக்கை நீக்கியிருந்தார்கள். எல்லை எங்கே போகிறதென்று ரோடு இன்ஸ்பெக்டரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? தடை நீங்கிய கையோடு ஜான்பீட்டர் கொட்டாயை லைசென்ஸ் எடுத்த ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். குடிக்கிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். தோப்பு வழியாக நடந்து போய், சட்டப்படி குடித்துவிட்டு, தோப்பு வழியாகத் திரும்பி வந்தார்கள்.

டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நேராகக் கொட்டாய்க்குப் போனார். கடைக்காரர் முனிசாமி எழுந்து நின்று கும்பிட்டார். வெள்ளைச் சட்டை, வாரிவிட்ட தலை, பக்கத்தில் ஒரு சொம்பு மோர். குடல்புண் இருந்ததால் அவர் சாராயத்தை வாயில் வைப்பதில்லை. தரை கூட்டித் தெளித்திருந்தது. கோணலாக எதையாவது கண்டுபிடித்துத் திட்ட வேண்டுமென்று டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சுகள்கூட நேராகத்தான் போட்டிருந்தன. கடையை மூட வேண்டும் என்று டீச்சர் சொன்னதையெல்லாம் முனிசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், அடுத்த வருஷக் கடைசிவரை எழுத்துமூலமாகக் குத்தகை இருக்கிறது என்று பணிவாகச் சொல்லி, இந்த மாத வாடகையை ஒரு உறையில் போட்டு நீட்டினார். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆஞ்சப்பன் கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். கடையை மூட வேண்டும் என்றார். ஆஞ்சப்பன் மூக்கை உறிஞ்சினார். கடை அந்த ராஜ்யத்தில் சட்டப்படி நடக்கிறது, குத்தகை செல்லும், காலி செய்யச் சொல்ல வழியில்லை என்றார். அப்படியானால் வாடகையைத் தொடமாட்டேன் என்றார் டீச்சர்.

“தொடாம இருந்தா அது சொத்துக்கு நஷ்டம். நாளைக்கு உங்க தம்பி கேட்டா நீங்கதான் கையிலேர்ந்து கட்டணும். நீங்க அங்க ஜெபசீலியா போகல டீச்சர். செத்துப்போனவருக்குப் பதிலா போறீங்க. அவரு இருந்தா வாங்கியிருப்பாரு.”

அந்த மாதம் முனிசாமி டீச்சர் வீட்டுக்கே வந்து உறையை மேஜையில் வைத்தார். டீச்சர் அதைத் துணி அளக்கும் மரக்கோலால் தள்ளி இழுப்பறைக்குள் விழவைத்தார். ரசீதில் கட்டட வாடகை என்று எழுதினார். லைசென்ஸ் ஆபீசில் காட்ட வேண்டியிருக்கிறது, சாராயக் கடை வாடகை என்று விவரமாக எழுதிக் கொடுங்கள் என்று முனிசாமி வெகு தயக்கத்தோடு கேட்டுக்கொண்டார். மதுவிலக்கு சங்கத்துக் கொடியில் எழுத்துக்களைப் பூவேலை செய்த அதே கையால் டீச்சர் சாராயக் கடை என்று எழுதினார். எழுத்து அழகாகத்தான் வந்தது. அதுவும் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

சித்திரை பிறந்து மழை ஆரம்பித்தது. ஒரு பெரிய காற்றுமழைக்குப் பிறகு முனிசாமி வந்து, கொட்டாயின் ஓடுகள் பறந்துவிட்டன, ஒழுகுகிறது என்றார். கூரை வேலை சொத்துக்காரர் பொறுப்பு என்று குத்தகையில் இருந்தது. டீச்சர் ஆஞ்சப்பனிடம் போகவேயில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

இரண்டு கொத்தனார்களைப் பிடித்துக்கொண்டு, மங்களூர் ஓடுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்யவும் அவருக்குத் தெரியாது. ஓடுகளின் வரிசை ஒரு விரற்கடை வளைந்தாலும் இறக்கி மறுபடி போடச் சொன்னார். ஏணியில் பாதிவரை ஏறி நின்று பார்த்தார். அவர் ஏணியில் நிற்கும்போது உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கூரையிலிருந்து அவர் குரல் கேட்டது. பாதிப் பேர் அப்படியே தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மீதிப் பேர் மேலே பார்க்காமல் குடித்தார்கள்.

அத்திபள்ளியிலிருந்து வண்டியில் வந்த சபைக்காரர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். மதுவிலக்கு சங்கத் தலைவி சாராயக் கடைக்கு ஓடு மாற்றுகிறார் என்ற செய்தி, ஸ்கூட்டர் செய்தியைவிட வேகமாக ஓசூருக்கு வந்தது. சங்கத்துப் பெண்கள் கூட்டம் போடலாமா என்று யோசித்தார்கள். கூட்டத்துக்கு யார் தலைமை வகிப்பது என்று வந்தபோது, வழக்கமாகத் தலைமை வகிப்பவர் டீச்சர்தான் என்பதால் பேச்சு அங்கேயே நின்றது. கடைசியில் போதகரை அனுப்பினார்கள்.

போதகர் காப்பி குடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, இது மற்றவர்களுக்கு இடறலாக இருக்குமே அம்மா என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“பெரியப்பா எங்கிட்ட ஒப்படைச்சது சொத்துங்கய்யா. அதுல நல்லது மட்டும் எடுத்துக்கிறேன், கெட்டத விட்டுடறேன்னு சொல்ல எனக்கு எழுதித் தரல” என்றார் டீச்சர். “கூரையப் பிரிச்சுப் போட்டுட்டு வர்றதுக்கு என் மனசும்தான் சொல்லிச்சு. அப்படிச் செஞ்சிருந்தா நான் யோக்கியமா இருந்திருப்பேன், சொத்து நாசமாப் போயிருக்கும். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.”

போதகர் காலித் தம்ளரைக் கீழே வைத்தார். ஓடு வரிசை நேராக வந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

இதற்கிடையில் வாரிசுகள் இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. ஜெபதுரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். ஜெயசெல்வி சமையற்கட்டு வாசலில் நின்றாள். இருவரும் டீச்சரையே பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

“அக்கா, கடைக்கு வாடகை ஏத்தணும். அங்க வர்ற கூட்டத்துக்கு இது ஒரு வாடகையா? அவகிட்ட சொல்லு” என்றான் ஜெபதுரை.

“அக்கா, எங்க வீட்டுக்காரர் சபையில மூப்பர். கடையை மூடணும்னு நான் சொன்னதா சபைக்குத் தெரியணும். அவன்கிட்ட சொல்லு” என்றாள் ஜெயசெல்வி.

மூடினால் வாடகை நின்றுவிடுமே, பரவாயில்லையா என்று டீச்சர் கேட்டார். சபைக்குத் தெரிந்தால் போதும், உடனே மூட வேண்டும் என்று அவசரமில்லை என்றாள் ஜெயசெல்வி. ஜன்னல் பக்கம் ஜெபதுரை சிரித்தான். அவன் சிரிக்கக் கூடாது என்று சொல்லு அக்கா என்றாள் ஜெயசெல்வி. டீச்சர் இரண்டு பேரையும் சரிசமமாகத் திட்டி, ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு டீச்சர் சனிக்கிழமைதோறும் சொத்தைப் பார்வையிடப் போனார். அவர் குடை தோப்பில் தெரிந்ததுமே கடையிலிருந்து ஆட்கள் எல்லாத் திசைகளிலும் நடக்க ஆரம்பித்தார்கள். முனிசாமிக்குச் சனிக்கிழமை வியாபாரம் போயிற்று. இதைக் கேள்விப்பட்ட ஆஞ்சப்பன் டீச்சரைக் கூப்பிட்டு, வாடகைதாரரை விரட்டுவதற்காகப் போய் நின்றால் அதுவும் தப்பு, அவர் அதனால் காலி செய்தால் நஷ்டம் உங்கள் தலையில் என்று எச்சரித்தார். டீச்சர் சனிக்கிழமையைச் செவ்வாய்க்கிழமையாக மாற்றிக்கொண்டார். தான் மூட ஆசைப்படும் கடை நன்றாக நடக்க வேண்டுமே என்று கவலைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் ஆஞ்சப்பன் வேறொரு விஷயத்தைத் தற்செயலாகக் கேட்டார். குடிக்கிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று கேட்டார். தோப்பு வழியாக என்றார் டீச்சர். ஆஞ்சப்பன் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அதில் கடைக்கு வழி, கொட்டாயின் அந்தப் பக்கத்து வண்டிப்பாதை என்றுதான் இருந்தது. தோப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்படியானால் இது அத்துமீறி நடப்பது. தடுக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் ஊருக்கு அது பாதை என்று ஆகிவிடும், பிறகு சொத்துக்கு மதிப்பு குறையும். உடனே வேலி போட வேண்டியது உங்கள் கடமை என்றார்.

“கடமையா?” என்று கேட்டார் டீச்சர்.

“போடலன்னாதான் தப்பு” என்றார் ஆஞ்சப்பன்.

டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனதாகச் சொல்வார்கள். அந்த வாரமே கல்தூண்கள் வந்து இறங்கின. எல்லைக்கல்லை ஒட்டி, தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நூல் பிடித்தாற்போல் தூண் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். தையல் ஊசி நேர்க்கோட்டில் ஓடுவது மாதிரி இருந்தது. வேலியின் இந்தப் பக்கம் ராஜப்பனும் மற்றவர்களும் வந்து நின்று, முப்பது நாற்பது அடி தூரத்தில் இருந்த கடையைப் பார்த்தார்கள். இனி அங்கே போக வேண்டுமானால் மெயின் ரோடு ஏறி, மதுவிலக்குப் போலீஸ் நிற்கும் செக்போஸ்ட்டைத் தாண்டி, வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போவதாவது போய்விடலாம், குடித்துவிட்டு செக்போஸ்ட் வழியாகத் திரும்ப வேண்டுமே.

முனிசாமி வேலியின் அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் மோர்ச் சொம்பு. டீச்சர் இந்தப் பக்கம் தூண்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா வந்திருக்குதும்மா வேலி” என்றார் முனிசாமி.

“பத்திரத்துல இருக்கறபடிதான் போட்டிருக்கேன்.”

“நானும் பாத்தன். தப்பு ஒண்ணும் இல்ல. ஐயா இருந்த வரைக்கும் கண்டுக்காம உட்டுட்டாரு. நீங்க கண்டுக்கினீங்க.” முனிசாமி ஒரு வாய் மோர் குடித்தார். “ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்துட்டு ரோட்டோரமா போயிடறன். எனக்கு உங்கமேல கோவம் இல்லீங்க. மழையில கூரை போட்டுக் கொடுத்தீங்களே, அப்பவே தெரிஞ்சுது, இந்தம்மா நம்மள ஏமாத்தமாட்டாங்கன்னு.”

அத்தனை மாதங்களில் வாடகையைச் சொன்ன நாளில் கொண்டுவந்து கொடுத்தவரும், பொய் சொல்லாதவரும், தன்னிடம் எதையும் மறைக்காதவரும் இந்த ஒரு மனிதர்தான் என்பது வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது டீச்சருக்கு உறைத்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பியில் கை பட்டுவிடப் போகிறது, தள்ளி நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

முனிசாமி சொன்னபடி காலி செய்தார். கூட்டிப் பெருக்கி, சாவியைச் செல்லியிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஆஞ்சப்பனுக்கு வேறு கவலை. கட்டடம் காலியாகக் கிடக்கக் கூடாது. வாடகையும் நிற்கக் கூடாது. டீச்சர் நான்கு திசையிலும் சொல்லிவைத்தார். ஆனேக்கல் பக்கத்திலிருந்து மெஹபூப் பாஷா என்பவர் வந்தார். பட்டுப்பூச்சி வளர்க்கிறவர், அவருக்குப் புழுத் தட்டுகளை அடுக்க நீளமான ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. கூரையைப் பார்த்தார், தலையாட்டினார். தரையைப் பார்த்தார், தலையாட்டினார். ஒரு தடவை மூச்சை இழுத்தார். உடனே வெளியே வந்துவிட்டார்.

“எனக்கே தல சுத்துதும்மா. புழு எங்க தாங்கும்? அதுக்கு ஊதுபத்தி வாசனகூட ஆவாது” என்றார்.

வாசனை போனால் எடுத்துக்கொள்வீர்களா என்று டீச்சர் கேட்டார். போனால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் போகாது என்றார் மெஹபூப் பாஷா. டீச்சருக்கு அந்த ‘போகாது’ போதும்.

சுண்ணாம்பைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, செல்லியை வைத்துக்கொண்டு வெள்ளையடிக்க ஆரம்பித்தார். ஒரு பூச்சு அடித்தும் சுவருக்குள்ளிருந்து வாசனை வந்துகொண்டேயிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் முள்கம்பியின் அடியில் ஒருவன் ஊர்ந்து வந்தான். கடை திரும்பத் திறந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி வந்த ராஜப்பன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சுண்ணாம்பு வாளியோடு டீச்சர்.

“இந்தத் தடவ யாருக்குத் துக்கம் கேக்க வந்தே?” என்றார் டீச்சர்.

ராஜப்பன் வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் வாங்கிக்கொண்டான். அவனைத் தேடி வந்தவனுக்கும் ஒரு மட்டை கிடைத்தது. அந்த வாரத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் தலைக்கு ஒரு சுவர் அடித்தார்கள். எந்த மூலையில் அதிகமாகச் சிந்தும், எங்கே வாசனை ஊறியிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அங்கங்கே தரையைக் கொத்தி எடுத்துப் புதுமண் போட்டுக் கெட்டித்தார்கள். வேப்பந்தழையைப் போட்டுப் புகை மூட்டினார்கள். சாயங்காலம் டீச்சர் எல்லாருக்கும் களியும் கீரைக் குழம்பும் போட்டார். சம்பளமில்லாமல் சாராயக் கடையில் வேலை செய்த கதையை ராஜப்பன் பிற்பாடு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள்.

மெஹபூப் பாஷா சோதித்துப் பார்க்க ஒரே ஒரு தட்டுப் புழுக்களைக் கொண்டுவந்து, மல்பெரி இலையைத் தூவி, மூலையில் வைத்தார். எல்லாரும் வாசலில் நின்றார்கள். புழுக்கள் அசையாமல் கிடந்தன. டீச்சர் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு புழு தலையைத் தூக்கியது. இன்னொன்று தூக்கியது. பிறகு ஓட்டுமேல் தூறல் விழுவதுபோல் மெல்லிய சத்தம் கிளம்பியது. இலையைத் தின்கிற சத்தம். மெஹபூப் பாஷா தட்டின்மேல் குனிந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, சரிம்மா, எடுத்துக்கிறேன் என்றார். ராஜப்பன்தான் முதலில் கைதட்டினான். புழு பயந்துவிடும் என்று டீச்சர் அவனை அதட்டி நிறுத்தினார்.

இரண்டு ராஜ்யத்துச் சொத்து என்பதால் கோர்ட் காரியம் இழுத்துக்கொண்டுபோய், அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. பங்கு பிரிப்பதில் பெரிய சண்டை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் வேலி ஏற்கெனவே நடுவில் நின்றது. தங்கவயல் மைசூரில் இருக்கிறது, ஆகவே கொட்டாய்ப் பக்கம் எனக்கு என்றான் ஜெபதுரை. வீட்டுப் பக்கம் ஜெயசெல்விக்கு. மதிப்பில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. அதை ஆஞ்சப்பன் பேசிச் சரிக்கட்டினார். ஆனால் கிணறு வீட்டுப் பக்கம் போய்விட்டது. கொட்டாய்க்குத் தண்ணீர் வேண்டுமே. கையெழுத்துப் போடும் இடத்தில் டீச்சர் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் உங்களுக்கு நடுவில் எக்ஸிகூட்டர் கிடையாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆபீசில் வெகுநேரம் ஆஞ்சப்பனின் மூக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

“தண்ணி எடுத்துக்க” என்றாள் ஜெயசெல்வி கடைசியில், சுவரைப் பார்த்து. “ஆனா வாளியும் கயிறும் நீ வாங்கிப் போடணும்.”

“கயிறு நான் வாங்கறேன். வாளி நீ வாங்கு” என்றான் ஜெபதுரை.

வெகு காலத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நேராகப் பேசிக்கொண்டது அதுதான். டீச்சர் பேனாவைக் கொடுத்தார்.

முனிசாமியின் கடை மைசூர் பக்கத்து ரோட்டோரத்தில் முன்னைவிட நன்றாக நடந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே இன்னொரு கடையும் எடுத்தார். ஊரில் குடி குறைந்ததா என்று டீச்சரிடம் யாராவது கேட்டால், குறையவில்லை, தூரம்தான் கூடியது என்பார்.

சொத்தை ஒப்படைத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் முனிசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். குடல்புண் தொந்தரவு அதிகமாகிவிட்டது, டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார் என்றார். ஆகவே ஓர் உயில் எழுதிவைக்க வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆஞ்சப்பனிடம் பேசியாகிவிட்டது.

“அவரு எக்ஸிகூட்டரா யாராவது நம்பிக்கையான ஆளப் போடச் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தாம்மா” என்றார்.

எத்தனை கடை என்று டீச்சர் கேட்டார். இப்போது மூன்று, அத்திபள்ளியில் நாலாவது வரப்போகிறது என்றார் முனிசாமி.

டீச்சர் வாழைப்பழச் சீப்பை மேஜைமேல் நேராக எடுத்துவைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், வேறு யார் செய்தாலும் கோணலாகத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சரி என்று சொல்லிவிட்டார். பிறகு, காரம் சேர்க்கக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், மோர் மட்டும் குடித்தால் போதாது என்று அவருக்கு நீளமாகப் புத்தி சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் விசேஷ ஜெபக் குறிப்புகள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோது டீச்சர் எழுந்து நின்றார். சாராயக் கடை முனிசாமி ஆரோக்கியத்தோடும் நீண்ட ஆயுசோடும் இருக்க வேண்டும், சபையார் எல்லாரும் ஊக்கமாக ஜெபிக்க வேண்டும் என்றார். மதுவிலக்கு சங்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் திரும்பி அவர்களைப் பார்த்தார். அவர்களும் முழங்காலிட்டார்கள்.